தகரத்தின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் ஒரு துருவி இருந்தது. பால்பவுடர் டின்னை வெட்டி, தட்டி நிமிர்த்தி, ஆணியால் வரிசை வரிசையாக ஓட்டை போட்டு, மரச்சட்டத்தில் அடித்தது. இஞ்சிக்கும் அதுதான், கேரட்டுக்கும் அதுதான். முன்பக்கம் முழுக்க முள். திருப்பினால் பின்பக்கத்தில் நீல எழுத்துகளும் ஒரு குழந்தையின் பாதிக் கன்னமும் இருக்கும். அந்தக் கன்னத்தில் ஏழெட்டு ஓட்டை. துருவியைக் கழுவச் சொன்னால் நான் அந்தப் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மீதிக் குழந்தை எங்கே போயிருக்கும்?

பல வருஷம் கழித்து நியூ மெக்சிகோவின் தகரக் கலை பற்றிப் படிக்கும்போது அந்தத் துருவி ஞாபகம் வந்தது. நியூ மெக்சிகோ அமெரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் வறண்ட மாநிலம். அங்கே 19ஆம் நூற்றாண்டில், காலி டின்களை வெட்டிப் புனிதர் படங்களுக்குச் சட்டம் செய்தார்கள். மெழுகுவர்த்தி மாட்டும் சுவர்த்தாங்கி, சிலுவை, சின்னச் சிலை வைக்கிற கண்ணாடி போட்ட பெட்டி, தேவாலயத்தில் தொங்கும் சரவிளக்கு எல்லாம் செய்தார்கள். டின்னின் உள்பக்கம் பளபளப்பு, அது முன்னால் வரும். வெளிப்பக்கத்தில் கம்பெனி எழுத்து, அது பின்னால் போகும். நூறு வருஷம் கழித்து ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தார்கள். அழகு முன்பக்கம் இருந்தது. வரலாறு பின்பக்கம் இருந்தது.

இப்போது ரீல்ஸ் திறந்தால் யாராவது ஒருவர் கூல்டிரிங்ஸ் கேனை வெட்டிப் பூ செய்துகொண்டிருப்பார். கீழே ‘அப்சைக்ளிங்’ என்று ஹாஷ்டேக் இருக்கும். நியூ மெக்சிகோ சட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்களும் இப்போதெல்லாம் “அந்தக் காலத்திலேயே மறுசுழற்சி!” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. குப்பையை வீணாக்கக்கூடாது என்று யோசிக்க, முதலில் அது குப்பை என்று தோன்ற வேண்டும். சான்டா ஃபேயில் 1850இல் ஒரு காலி டின் குப்பை இல்லை. அது உலோகம்.

ஏன் என்று சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சான்டா ஃபே ஸ்பானியப் பேரரசின் வடகோடி. 1610இலிருந்து தலைநகர் என்று பெயர். ஆனால் மெக்சிகோ நகரத்திலிருந்து சுமார் 2,500 கிலோமீட்டர் தள்ளி. வருகிற எல்லாமே ‘ராஜபாட்டை’ எனப்பட்ட அந்த ஒரே சாலையில், கோவேறு கழுதையிலும் மாட்டு வண்டியிலும் வர வேண்டும். இரும்புச் சாமான் அபூர்வம். கதவுக்குக் கீல் கிடைக்காமல் மர முளையில் கதவைச் சுழல விட்டார்கள். வண்டிச் சக்கரமும் முழு மரம். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, ஒளி ஊடுருவும் அபிரகம் போன்ற கனிமத் தகடுகளைப் பதித்தார்கள். பக்கத்திலிருக்கும் அமெரிக்கர்களோடு வியாபாரம் செய்ய ஸ்பெயின் விடவில்லை.

அந்தப் பஞ்சத்திலும் சாமி வேண்டும் இல்லையா? ‘சாந்தேரோ’ என்று அழைக்கப்பட்ட உள்ளூர் கைவினைஞர்கள் பைன் மரப் பலகையைச் செதுக்கி, ஜிப்சம் பூசி, செடியிலும் மண்ணிலும் எடுத்த நிறத்தால் புனிதர்களை வரைந்தார்கள். பருத்திமர வேரில் சிலை செதுக்கினார்கள். ஒல்லியான முகம், பெரிய கண், நேராக நம்மைப் பார்க்கும் பார்வை. பொருள் எல்லாம் காலடியில் கிடைத்தது. நாட்டார் கலை என்றதும் நம் மனதில் வருகிற சித்திரத்துக்கு இது அப்படியே பொருந்தும்.

தகரக் கலை அதற்கு நேர் எதிர். அது எப்படி வந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

*

டின் என்பதே அப்போது புதுப் பண்டம். படைக்கு உணவு கெடாமல் அனுப்ப வழி கேட்டது பிரெஞ்சு அரசு. நிக்கோலா அப்பேர் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிக்க வைத்துக் காட்டினார், 12,000 ஃபிராங்க் பரிசு வாங்கினார். 1810இல் பீட்டர் டுராண்ட் லண்டனில் தகர டப்பாவுக்கும் சேர்த்துக் காப்புரிமை எடுத்தார். சில வருஷத்தில் பிரையன் டாங்கின் அங்கேயே தொழிற்சாலை வைத்து பிரிட்டிஷ் கடற்படைக்கு டின் மாட்டிறைச்சி விற்றார். இதில் வேடிக்கை என்னவென்றால் டின்னைத் திறக்கும் கருவிக்கு அமெரிக்காவில் காப்புரிமை வந்தது 1858இல். அதுவரை உளியும் சுத்தியலும்தான்.

பேர்தான் டின், உள்ளே இரும்பு. மெல்லிய இரும்புத் தகட்டை உருகிய வெள்ளீயத்தில் முக்கி எடுத்தால் துருப்பிடிக்காத வெள்ளைப் பூச்சு ஏறும். நம்ம ஊர்த் தெருக்களில் “ஈயம் பூசறது!” என்று கத்திக்கொண்டு வந்து பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்துக்குப் பூசிக்கொடுத்தார்களே, அதே வெள்ளீயம். அமெரிக்கா தனக்கு வேண்டிய தகரத்தில் பெரும்பகுதியை அப்போது பிரிட்டனின் வேல்ஸிலிருந்து இறக்குமதி செய்தது. 1890இல் மெக்கின்லி சுங்கவரி வந்த பிறகுதான் உள்நாட்டில் தகர ஆலைகள் பெருகின. ஆக, நாம் பார்க்கப்போகும் சட்டங்கள் பலவற்றின் தகடு வேல்ஸில் பிறந்து, கப்பலேறி, அமெரிக்காவின் கிழக்குக்கரையில் டின்னாகி, பன்றிக்கொழுப்போ விளக்கு எரிக்கும் எண்ணெயோ சிப்பியோ நிரம்பி மேற்கே போயிருக்க வேண்டும்.

வழி திறந்தது 1821இல். மெக்சிகோ சுதந்திரம் பெற்றது, பழைய வியாபாரத் தடை போயிற்று. அதே வருஷம் வில்லியம் பெக்னெல் என்ற வியாபாரி மிசௌரியிலிருந்து சான்டா ஃபேக்குச் சரக்கோடு வந்து சேர்ந்தார். அந்தத் தடம்தான் சான்டா ஃபே பாதை, சுமார் 1,400 கிலோமீட்டர். துணி, ஆணி, கோடரி, கண்ணாடி என்று வர ஆரம்பித்தது. ஆனால் டின் கொட்ட ஆரம்பித்தது வியாபாரியோடு அல்ல, சிப்பாயோடு. 1846 ஆகஸ்ட் 18 அன்று ஜெனரல் கெர்னியின் அமெரிக்கப் படை சான்டா ஃபேக்குள் நுழைந்தது. 1848 ஒப்பந்தத்தில் மெக்சிகோ அந்த நிலத்தைக் கொடுத்துவிட்டது. 1851இல் யூனியன் கோட்டை எழுந்தது. தென்மேற்குக்கே அது பெரிய ராணுவக் கிடங்கு. சிப்பாய் தின்பதெல்லாம் வண்டியில் வந்தது, தின்றபின் டின் மிஞ்சியது.

தன் ஊரைப் பிடித்த படை தின்றுபோட்ட டின்னை எடுத்து ஒருவர் தன் வீட்டு மாதாவுக்குச் சட்டம் செய்தார். இதில் அவமானம் இருந்ததா, பழிவாங்கல் இருந்ததா, வெறும் “அட, நல்ல தகடு” மட்டும்தான் இருந்ததா? மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். கலைஞர்கள் எப்போதும் நாம் எதிர்பார்க்கும் அரசியலோடு பொருளைத் தொடுவதில்லை.

*

சட்டம் வேண்டியிருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1851இல் ஷான் பாப்டிஸ்ட் லாமி என்ற பிரெஞ்சுக்காரர் சான்டா ஃபேக்கு ஆயராக வந்தார். (வில்லா கேதர் 1927இல் எழுதிய புகழ்பெற்ற நாவலின் பேராயர் இவரை வைத்து உருவானவர்தான்.) லாமிக்கும் அவரோடு வந்த பிரெஞ்சுப் பாதிரிமாருக்கும் உள்ளூர் மரப் புனிதர்கள் கண்ணுக்கு இதமாக இல்லை. அந்த ஒல்லி முகங்கள் அவர்களுக்கு நாகரிகமற்றவையாகப் பட்டன. மண் கட்டிடங்களும் அப்படித்தான். மண் தேவாலயம் நின்ற இடத்தில் 1869இல் பிரான்சை நினைவூட்டும் கல் கதீட்ரலைக் கட்டத் தொடங்கினார் லாமி. மரப்பலகைப் படங்களின் இடத்தில் காகிதப் படங்கள் வந்தன. நியூயார்க்கின் கரியர் அச்சகம், சுவிட்சர்லாந்தின் பென்சிகர் கம்பெனி, பாரிஸ் அச்சகங்கள் எல்லாம் அடித்த கல்லச்சுப் படங்கள். ரோஜாக் கன்னம், வானத்தைப் பார்க்கும் கண். பிற்பாடு ரவிவர்மா பிரஸ் படங்கள் நம் பூஜையறைகளுக்குள் வந்து லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ஒரே முகத்தைக் கொடுத்தனவே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

காகிதப் படத்தை மண் சுவரில் அப்படியே ஒட்ட முடியாது. புழுதி, புகை, கூரை ஒழுகல். கண்ணாடி வேண்டும், கண்ணாடியைப் பிடிக்கச் சட்டம் வேண்டும். அங்கேதான் ‘ஓஹாலாதேரோ’ வருகிறார். ஸ்பானிய மொழியில் தகரத்துக்கு ‘ஓஹாலாதா’, பிரித்துப் பார்த்தால் தகர இலை. அந்த இலையில் வேலை செய்பவர் ஓஹாலாதேரோ.

அவர் வேலையை நினைத்துப் பாருங்கள். டின்னின் மூடியையும் அடியையும் வெட்டி எடுப்பார். பக்கவாட்டு ஒட்டைப் பிரித்துத் தட்டி நிமிர்த்துவார். கிடைப்பது ஒரு சின்னச் செவ்வகத் தகடு. பெரிய சட்டத்துக்கு ஒரே தகடு போதாது. நாலு பக்கத்துக்கு நாலு பட்டை, மூலைக்கு ஒரு சதுரம், உச்சியில் அரைவட்டமாக விசிறி அல்லது சிப்பி வடிவம், ஓரத்தில் இலை, சில சமயம் குருவி. எல்லாவற்றையும் பற்றவைத்து ஒட்ட வேண்டும். ஒட்டு தெரியாமலிருக்க அதன்மேல் ஒரு வட்டப்பூ. அந்தப் பூக்களைப் பார்த்து ஆஹா என்கிறோம். பல இடங்களில் அவை ஒட்டை மறைக்க வந்தவை. டின்னின் அளவு வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது, கலைஞர் அந்த அளவுக்குள் விளையாடியிருக்கிறார்.

அலங்காரம் முழுக்கத் தட்டுவதுதான். புள்ளி, பிறை, பற்கள் போன்ற கோடு என்று முனையுள்ள அச்சுளிகள். தகட்டைக் கட்டையில் வைத்து உளியை நிறுத்தி ஒரு தட்டு. கொஞ்சம் அதிகமாகத் தட்டினால் கிழிந்துவிடும், குறைந்தால் பதியாது. எங்கள் துருவியைச் செய்தவர் ஆணியை ஓட்டை விழும்வரை அடித்தார். ஓஹாலாதேரோ ஓட்டை விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தினார். ஒரு சட்டத்தில் நூற்றுக்கணக்கான தடவை அப்படி நிறுத்த வேண்டும். வரிசை கொஞ்சம் கோணுகிற இடத்தில் அவர் மூச்சுவிட்டாரோ, வெளிச்சம் போயிற்றோ என்று தோன்றும்.

பிறகு கண்ணாடி. முழுக் கண்ணாடி விலை அதிகம். உடைந்த துண்டைப் பட்டைகளாக வெட்டிச் சட்டத்தின் பக்கங்களில் பதித்தார்கள். கண்ணாடிக்கு அடியில் வண்ணச் சுவர்க்காகிதத் துண்டு. இல்லையென்றால் கண்ணாடியின் பின்புறம் பெயின்ட் பூசி, ஈரம் காயுமுன் சீப்பால் அலையலையாக இழுத்துவிட்டார்கள். அந்தச் சீப்பு அலைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். தகரம் வேல்ஸ். படம் நியூயார்க் அல்லது சுவிட்சர்லாந்து. கண்ணாடியும் சுவர்க்காகிதமும் கிழக்கிலிருந்து வண்டியில் வந்தவை. உள்ளூர்ப் பொருள் என்று சொல்ல அந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் அதைப் பார்த்தவுடன் நியூ மெக்சிகோ என்று சொல்லிவிடலாம், வேறு எங்கும் அது அப்படி இல்லை. மண்ணின் பொருளில் செய்தால்தான் மண்ணின் கலை என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோமே, அந்தப் பேச்சை இந்தச் சட்டங்கள் சத்தமில்லாமல் உடைக்கின்றன. வந்து இறங்கிய சாமியை ஊர் ஏற்றுக்கொண்டது, ஆனால் தன் கையால் செய்த வீட்டுக்குள் வைத்துத்தான் ஏற்றுக்கொண்டது. பேராயரின் புனிதருக்கு முகம் ஐரோப்பாவுடையது. அந்த முகத்தைச் சுற்றியிருந்த ஒளி உள்ளூருடையது.

ஒளி என்று உவமைக்காகச் சொல்லவில்லை. ‘ஏழையின் வெள்ளி’ என்று இந்தத் தகரத்தைச் சொல்வது வழக்கம். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, கொஞ்சம் இரக்கப்பட்டுப் பேசுவது மாதிரி இருக்கிறது. ஆனால் புதுத் தகடு வெள்ளி மாதிரிதான் மின்னும் என்பது உண்மை. சின்ன ஜன்னல், தடித்த மண் சுவர், ஒரே மெழுகுவர்த்தி. அதன் பின்னால் தட்டிப் பதித்த தகரம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னக் குழிக் கண்ணாடி. சுடர் அசைந்தால் சுவரே அசையும். இன்று மியூசியத்தில் மின்விளக்கின் கீழே சாம்பல் நிறத்தில், அங்கங்கே துருவோடு பார்ப்பது அந்தப் பொருளே இல்லை என்றுகூடச் சொல்வேன்.

*

1879இல் ரயில் நியூ மெக்சிகோவுக்குள் வந்தது. 1880இல் கிளைப்பாதை ஒன்று சான்டா ஃபேயைத் தொட்டது. டின் மலைபோல் வர ஆரம்பித்தது. தகரக் கலைக்கு இது பொற்காலமாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? நடந்தது வேறு. டின்னைக் கொண்டுவந்த அதே ரயில் ஆலையில் செய்த மரச்சட்டத்தைக் கொண்டுவந்தது, பிளாஸ்டர் சிலையைக் கொண்டுவந்தது, கண்ணாடிச் சிமினி விளக்கைக் கொண்டுவந்தது. நூற்றாண்டின் முடிவில் அந்தக் கைகளுக்கு வேலை குறைந்துபோயிற்று. மூலப்பொருள் இல்லாமல் அழிந்த கைத்தொழில் நிறைய உண்டு. இது மூலப்பொருள் ஏராளமாகக் கிடைத்தபோது வாடிய தொழில்.

அப்புறம் ஒரு மறுபிறவி. சான்டா ஃபேக்கு ஓவியர்களும் எழுத்தாளர்களும் குடியேறினார்கள், சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். மேரி ஆஸ்டினும் ஃபிராங்க் ஆப்பிள்கேட்டும் 1925இல் ஸ்பானியக் காலனியக் கலைகளுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், 1926இல் முதல் ஸ்பானியச் சந்தை கூடியது. 1930களின் பெருமந்தத்தில் அரசாங்கமே கைத்தொழில் பயிற்சி கொடுத்தது. 1937இல் கார்மென் எஸ்பினோசா தகர வேலைக்கு ஒரு கையேடு எழுதினார். வேலையில்லாத பையன்கள் கற்றுக்கொண்டு கூலி வாங்கினார்கள். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அந்த வருஷங்களில் கூலி என்பது கூலி. ஃபிரான்சிஸ்கோ டெல்காடோ, அவர் மகன் எடி டெல்காடோ போன்றவர்கள் இந்தக் காலத்தில் பெயர் சொல்லும்படி வளர்ந்தார்கள்.

ஆனால் டின் போய்விட்டது. கண்ணாடிச் சட்டம், விளக்குக் கூண்டு, மின் சுவிட்சுக்கு மூடி எல்லாம் கடையில் வாங்கிய புதுத் தகட்டில். அதிலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசிய மங்கல் தகட்டை விரும்பினார்கள். ஏனென்றால் வாங்குகிறவருக்கு அது பழசுபோல் தெரிய வேண்டும். முதல் தலைமுறை மின்ன வேண்டும் என்று செய்தது, இரண்டாம் தலைமுறை மங்க வேண்டும் என்று செய்தது. அந்த முப்பதுகளின் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் எழுத்தே இருக்காது.

*

எழுத்துக்கு வருகிறேன். 1990இல் லேன் கூல்ட்டரும் மாரிஸ் டிக்சனும் 1840 முதல் 1940 வரையான நியூ மெக்சிகோ தகர வேலையைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அதுவரை இவை மொத்தமாக ‘நாட்டார் பொருள்’. யார், எங்கே, எப்போது என்ற கேள்வியே அதிகம் இல்லை. அவர்கள் ஒவ்வொரு உளித் தடத்தையும் ஒப்பிட்டார்கள். முன்னால் எந்த அச்சகத்தின் படம், பின்னால் எந்தக் கம்பெனி டின் என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் காலம் கண்டுபிடிக்க முடியும். ஆனால் படத்தை மட்டும் நம்ப முடியாது, பிற்பாடு யாரும் மாற்றி வைத்திருக்கலாம். டின்னை மாற்ற முடியாது.

பன்றிக்கொழுப்பு விற்றவர், எண்ணெய் விற்றவர் பெயரெல்லாம் அப்படிக் கிடைத்துவிடுகிறது. சட்டம் செய்தவர் பெயர் பெரும்பாலும் கிடைக்கவில்லை. அதனால் ஊரையும் பாணியையும் சேர்த்துப் பட்டப்பெயர் வைத்தார்கள். மோராவின் எண்கோணப் பட்டறை. வலென்சியாவின் சிவப்பு-பச்சைக் கைவினைஞர். மெசில்லாவின் சீப்புப் பெயின்ட்காரர். நான் பிடிக்கும் என்று சொன்ன அலைகள் அவருடையவை.

இதைப் படித்த அன்று அம்மாவுக்கு ஃபோன் செய்து துருவி செய்தவர் யார் என்று கேட்டேன். “தகரக்காரர். சந்தைக்கு வருவார், வேப்பமரத்தடியில உக்காருவார்” என்றார். பெயர்? “பேரு யாரு கேட்டா? தகரக்காரரேன்னுதான் கூப்பிடுவோம்.” கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பால்பவுடர் கம்பெனியின் பெயரைச் சரியாகச் சொன்னார். நாங்கள் யாருமே அந்தப் பவுடர் குடித்ததில்லை.

சிலருக்குப் பெயர் உண்டு. சான்டா ஃபேக்குத் தென்கிழக்கே ‘பசுவின் ஊற்று’ என்று பொருள்படும் ஓஹோ தே லா வாகாவில் வாழ்ந்த ஹோசே மரியா அப்போதாக்கா, 1844இல் பிறந்து 1924இல் இறந்தவர். இஹீனியோ கோன்சாலஸ், 1842 முதல் 1921 வரை. இவரைப் பற்றி டிக்சன் 2015இல் தனி நூலே எழுதினார். இவர் கவிஞரும்கூட, ஸ்பானிய மொழியில் எழுதினார். தன் கவிதைக்குக் கீழே பெயர் போடுகிற பழக்கம் உள்ள ஒருவர், தகரத்தை உளியால் தட்டும்போது மட்டும் பெயர் போட வேண்டும் என்று ஏன் நினைக்கவில்லை? அவருக்கு எழுத்து தெரியும். பின்பக்கம் திருப்பியிருந்தால் அங்கே இடமும் இருந்தது, கம்பெனிக்காரன் விட்ட இடம்.